நர்சரி பைன் கன்றிலிருந்து போன்சாய்: முதல் சில ஆண்டுகளுக்கான முழுமையான வழிகாட்டி

விதையிலிருந்து ஒரு பைன் கன்றை வளர்த்தால் அதன் அடித்தண்டு கட்டைவிரல் பருமனை எட்டுவதற்கே பல ஆண்டுகள் ஆகிவிடும். தோட்டத்தில் நடுவதற்கென்று நர்சரியில் வளர்க்கப்பட்ட கன்றில் அந்த ஆண்டுகளை வேறொருவர் ஏற்கெனவே செலவிட்டிருக்கிறார். போன்சாய்க் கலையைக் கைப்படக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் கருத்து. ஆனால் அந்தக் கன்று போன்சாயை மனத்தில் வைத்து வளர்க்கப்பட்டதன்று. அது விரைவாக உயர வேண்டும், வெளிப்பார்வைக்கு அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்பதே வளர்த்தவரின் நோக்கம். அதனால் வேர்கள் தொட்டியின் சுவரை ஒட்டிச் சுற்றியிருக்கும், அடித்தண்டு மண்ணுக்குள் புதைந்திருக்கும், கிளைகள் ஒரே கணுவில் நெருக்கியடித்து நிற்கும், மரத்தின் உட்பகுதி ஊசியிலையின்றி வெறுமையாகிக்கொண்டிருக்கும். இவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்வதுதான் முதல் மூன்று நான்கு ஆண்டுகளின் வேலை.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு விதிகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, பச்சை ஊசியிலை இல்லாத பழைய கிளையிலிருந்து பைன் பெரும்பாலும் மீண்டும் துளிர்ப்பதில்லை. ஆலமரத்தையும் அத்திமரத்தையும் மொட்டையாக வெட்டினாலும் துளிர்த்துவிடும். பைனில் ஒரு கிளையின் பச்சை முழுவதையும் எடுத்துவிட்டால் அந்தக் கிளை போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். இரண்டாவது, ஒரு பருவத்தில் ஒரு பெரிய வேலை மட்டுமே செய்ய வேண்டும். வேரில் கை வைத்தால் கிளையைத் தொடக் கூடாது; கிளையைக் கவாத்து செய்தால் வேரை விட்டுவிட வேண்டும். வெட்டுண்ட வேர்கள் மீண்டும் கிளைப்பதற்கான உணவை ஊசியிலைகள்தாம் தருகின்றன. மேலும் கீழும் ஒரே நேரத்தில் குறைத்தால் மரத்திற்குத் தேறும் வழியே இல்லாமற்போகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேர் செத்துவிட்ட பைன் பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும். ஊசியிலை மங்கிப் பழுப்பேறுவதைக் காணும்போது காரணம் இரண்டு மூன்று மாதம் பழையதாக இருக்கும், பரிகாரம் செய்யும் காலமும் கடந்திருக்கும்.

எந்த இனம் என்பதை முதலில் அறிதல்

ஒரு கற்றையில் எத்தனை ஊசியிலைகள் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்பதே இனத்தை அறிவதற்கான முதல் படி. ஜப்பானியக் கரும்பைன், ஜப்பானியச் செம்பைன், ஸ்காட்ஸ் பைன், முகோ பைன் ஆகியவற்றில் ஊசியிலைகள் இரண்டிரண்டாக இருக்கும். ஜப்பானிய வெள்ளைப் பைனில் ஐந்தைந்தாக இருக்கும். கரும்பைனின் ஊசியிலை விறைப்பாக, கையில் குத்தும்படி இருக்கும். மொட்டுகள் வெண்மையாகத் தெரியும். செம்பைனின் ஊசியிலை மென்மையானது, மொட்டு செம்பழுப்பு நிறமானது. ஸ்காட்ஸ் பைனின் ஊசியிலை குட்டையாகவும் சற்றே முறுக்கிக்கொண்டும் நீலப்பச்சையாகவும் காணப்படும். முகோ பைன் ஐரோப்பிய மலைகளில் புதர்போல் படர்ந்து வளர்வது; நர்சரிகளில் குள்ள வகைகளாக எளிதில் கிடைப்பதும் இதுதான்.

இந்த வேறுபாடு பெயர் அறிவதற்காக மட்டுமன்று. கரும்பைனும் செம்பைனும் வலுவாக இருக்கும்போது ஒரே ஆண்டில் இருமுறை குருத்துவிடும் ஆற்றல் உள்ளவை. ஸ்காட்ஸ், முகோ, வெள்ளைப் பைன் ஆகியவை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே குருத்துவிடுபவை என்று எண்ணிக்கொண்டு அவற்றைக் கையாள்வதே பாதுகாப்பானது. குருத்துகளை எப்போது, எவ்வளவு வெட்டலாம் என்பது முழுவதும் இதைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே பெயர்ச்சீட்டு இல்லாத கன்றை வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது.

குளிர்காலம் கடுமையாக இருக்கும் இடங்களில் மேற்சொன்ன எந்த இனமும் ஏற்றது. குளிர் அதிகம் இல்லாத இடங்களில் கரும்பைனே நம்பத் தகுந்தது. இயற்கையிலேயே கடற்கரைகளில் வளரும் இனம் என்பதால் வெப்பத்தையும் உப்புக் காற்றையும் ஓரளவு தாங்கும். ஊசியிலை 20 செ.மீ.க்கு மேல் நீளும் சீர் பைன் போன்ற இனங்களைத் தொடக்கத்தில் எடுக்க வேண்டாம். ஊசியிலையின் நீளத்தை ஓரளவுதான் குறைக்க முடியும். சிறிய மரத்தில் அத்தனை நீண்ட இலை அளவுக்குப் பொருந்தாது.

தொட்டியில் பைன் எவ்வளவு காலம் வாழும் என்று ஐயப்படுவோர் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப் பூங்காவின் வெள்ளைப் பைனை அறிந்திருக்க வேண்டும். 1625ஆம் ஆண்டு முதல் போன்சாயாகப் பயிற்றப்பட்டு வரும் அந்த மரம், 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசப்பட்டபோது அந்நகரில் யமாகி குடும்பத்தின் நர்சரியில் இருந்தது. மசாரு யமாகி அதை 1976இல் அமெரிக்காவுக்குக் கொடையாக அளித்தார். மரம் அந்தக் குண்டுவெடிப்பைக் கடந்து வந்தது என்ற செய்தி, அவருடைய பேரன்மார் 2001இல் அங்கே வந்து சொன்ன பிறகே பூங்காவினருக்குத் தெரியவந்தது.

கன்றைத் தேர்ந்தெடுத்தல்

நர்சரியில் எல்லோருடைய கண்ணும் முதலில் உச்சிக்கே போகும். போன்சாய்க்குத் தேடுகிறவர் அடியிலிருந்து பார்க்க வேண்டும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் ஆள்காட்டி விரலை நுழைத்து மேல்மண்ணைச் சற்று விலக்குங்கள். தண்டு கீழே போகப்போக அகன்றுகொண்டே போனால், அகன்ற இடத்தில் பக்கவாட்டில் ஓடும் வேர்கள் விரலுக்குத் தட்டுப்பட்டால், அது நல்ல கன்று. விரல் முழுவதும் உள்ளே போன பிறகும் தண்டு ஒரே பருமனில் இறங்கிக்கொண்டே இருந்தால், வேர் தொடங்கும் இடம் ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். அதற்காக அந்தக் கன்றை ஒதுக்க வேண்டியதில்லை என்றாலும், கன்றின் உண்மையான உயரம் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். வேர்கள் தண்டிலிருந்து நாற்புறமும் பரவித் தெரியும் இந்த அடிப்பகுதியைப் போன்சாய்க் கலையில் நெபாரி என்கிறார்கள். பிறகு எவ்வளவு முயன்றாலும் எளிதில் உண்டாக்க முடியாதது இதுவே என்பதால், மற்ற குறைகளைப் பொறுத்துக்கொண்டாவது இதற்கு முதலிடம் கொடுப்பேன்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கீழ்க்கிளைகள். அடித்தண்டின் விட்டத்தைப்போல் ஆறு மடங்கை மரத்தின் இறுதி உயரமாகக் கொள்வது நெடுநாள் வழக்கம். 4 செ.மீ. விட்டமுள்ள தண்டானால் மரம் ஏறத்தாழ 24 செ.மீ. உயரத்தில் முடியும். அந்த உயரத்துக்குள், தண்டுக்கு அருகிலேயே பச்சை ஊசியிலை உள்ள கிளைகள் நான்கைந்தாவது இருக்க வேண்டும். ஒரு மீட்டர் உயரக் கன்றில் அழகான கிளைகள் எல்லாம் மேற்பாதியில் இருந்தால் அவற்றால் பயனில்லை, ஏனெனில் வெட்டுப்படப்போவது அந்தப் பாதிதான்.

குள்ள வகைகளும் வெள்ளைப் பைனும் பெரும்பாலும் ஒட்டுக்கட்டி விற்கப்படுகின்றன. ஒட்டின் மேலும் கீழும் பட்டையின் தன்மை மாறியிருந்தாலோ ஒட்டிய இடம் முண்டாகத் துருத்திக்கொண்டிருந்தாலோ, அந்த வடு காலப்போக்கில் மறையாது. இன்னும் பெரிதாகவே தெரியும். ஒட்டு மண்ணுக்கு மிக அருகில் இருந்தால் மட்டும் ஏற்கலாம். கடைசியாகத் தண்டைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். தொட்டி மண்ணோடு சேர்ந்து அசையாமல் தண்டு மட்டும் ஆடினால் வேர் வலுவிழந்திருக்கிறது. மொட்டுகள் பருத்திருப்பதும், கடந்த ஆண்டின் ஊசியிலைகள் உதிராமல் இருப்பதும் உடல்நலத்தின் அடையாளங்கள்.

முதல் சில மாதங்கள்

கன்றைக் கொண்டுவந்த உடனே வெட்டத் தோன்றும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேர நேர்வெயில் விழும் திறந்த வெளியில் வையுங்கள். பைன் வீட்டுக்குள் வளரும் மரம் அன்று. சன்னலோரத்தில் வைத்தாலும் நாளடைவில் நலிந்துவிடும். மேல்மண் காயத் தொடங்கியதும், தொட்டியின் அடித்துளை வழியாக நீர் வழியுமளவு ஊற்ற வேண்டும். தட்டில் நீர் தேங்கி நிற்கக் கூடாது. எந்தப் பக்கம் வேகமாக வளர்கிறது, எந்தக் கிளை நலிந்திருக்கிறது, நீர் எவ்வளவு விரைவாக வடிகிறது என்பவற்றைக் கவனித்துக்கொண்டே முதல் இளவேனில் வரை காத்திருப்பது, பின்னால் செய்யும் ஒவ்வொரு வேலையையும் எளிதாக்கும்.

முதல் வேர்வேலை

குளிர்காலம் முடிந்து மொட்டுகள் பருக்கத் தொடங்கி, ஆனால் குருத்தாக நீளும் முன் உள்ள சில வாரங்களே வேரில் கை வைக்க உகந்த காலம். கிளையை முதலில் வெட்டிவிட்டு அடுத்த ஆண்டு வேருக்கு வருபவர்களும் உண்டு. நான் வேரையே முதலில் எடுக்கச் சொல்வேன். நர்சரிக் கலவை பெரும்பாலும் கரிமப் பொருளால் ஆனது. நாளாக ஆக மக்கி இறுகி, வேர்க்கட்டின் நடுவில் ஈரமும் விளிம்பில் வறட்சியுமாக மாறிவிடும். அந்த நிலையில் உள்ள மரம் கவாத்தைத் தாங்கினாலும் அதற்குப் பின் வலுவாகத் துளிர்க்காது. தவிர, நெபாரி கண்ணுக்குத் தெரியும் வரை மரத்தின் முகப்பு எது, எந்தச் சாய்வில் நட வேண்டும் என்று முடிவு செய்ய முடியாது. முகப்பு தெரியாமல் எந்தக் கிளை வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிப்பதும் வீண்.

மண் கலவையை முன்னதாகவே ஆயத்தம் செய்துவிட வேண்டும். அகடாமா என்னும் ஜப்பானியக் களிமண் துகள், பியூமிஸ் என்னும் நுரைக்கல், எரிமலைக்கல் ஆகிய மூன்றையும் சம அளவில் கலப்பது பரவலான முறை. அகடாமா கிடைக்காத இடத்தில் நுரைக்கல்லை மட்டுமே முதன்மையாகக் கொண்டு, பொடியற்ற பைன் பட்டைத் துண்டுகளைச் சிறிதளவு சேர்த்தாலும் போதும். எதைச் சேர்த்தாலும் துகள்கள் 3 முதல் 6 மி.மீ. அளவில் இருக்க வேண்டும், தூசி முழுவதையும் சல்லடையில் சலித்து நீக்கியிருக்க வேண்டும். பைன் வேருக்கு நீரைப் போலவே காற்றும் தேவை. தூசி அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் நின்றுவிடும்.

தொட்டியைக் கவிழ்த்துக் கன்றை வெளியே எடுத்தால் சுவரை ஒட்டிச் சுற்றிய வேர்கள் தெரியும். அவற்றுக்கிடையே வெண்ணிறப் பஞ்சுபோல் ஒரு படலம் படர்ந்திருந்தால் அதை நோய் என்று எண்ணிக் கழுவிவிட வேண்டாம். அது மைக்கோரைசா என்னும் வேர்ப்பூசணம். மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் வேருக்குச் சேர்த்துக் கொடுத்து, மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெற்று வாழ்வது. நல்ல பைன் வேரில் அது இருந்தே தீரும். பழைய மண்ணில் ஒரு பகுதியை அப்படியே விட்டுவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் மேற்புறம். ஒரு மூங்கில் குச்சியின் கூர்முனையைத் தண்டுக்கு அருகில் வைத்து, தண்டிலிருந்து வெளிநோக்கி மட்டும் கோதிவிடுங்கள். குறுக்காக இழுத்தால் வேரின் பட்டை உரிந்துவிடும். சிறிது சிறிதாக மண் உதிர, முதலில் மெல்லிய சல்லிவேர்கள் வெளிப்படும். இவை புதைந்த தண்டிலிருந்து பிற்காலத்தில் கிளம்பியவை. நிலைத்து நின்று பருக்கக் கூடியவை அல்ல. இவற்றை வெட்டிவிட்டு இன்னும் கீழே போக வேண்டும். குச்சியின் முனையில் திடீரென்று கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அதைச் சுற்றி மண்ணை விலக்கினால் தண்டு அகன்று, பென்சில் பருமனுள்ள வேர்கள் பக்கவாட்டில் ஓடுவது தெரியும். அதுவே மரத்தின் உண்மையான அடி. சில கன்றுகளில் அது தொட்டி விளிம்பிலிருந்து நான்கைந்து செ.மீ. ஆழத்தில் இருக்கும். தண்டைச் சுற்றி நெரிக்கும் வேர் இருந்தால் அதை இப்போதே நீக்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் தண்டு பருக்கும்போது அது பட்டைக்குள் புதைந்துவிடும்.

பிறகு அடிப்புறம். வேர்க்கட்டின் கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கைக் கூர்மையான கத்தரியால் தட்டையாக வெட்டிவிடலாம். நேராகக் கீழிறங்கும் தடித்த வேர்களையும் குறைக்கலாம், ஆனால் அவ்வேர்களுக்கு மேலே சல்லிவேர்கள் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்தே குறைக்க வேண்டும்.

இதற்கடுத்த படிதான் பைனைக் காப்பாற்றுவது. வேர்க்கட்டை மேலிருந்து பார்த்து இரண்டு பாதிகளாகக் கருதிக்கொள்ளுங்கள். ஒரு பாதியில் மட்டும் பழைய மண்ணை வேர்க்கொக்கியாலும் குச்சியாலும் தண்டு வரை முழுவதும் நீக்கி, சுற்றிக்கொண்ட வேர்களைப் பிரித்து, நீளமானவற்றைக் குறைத்து விடுங்கள். மறுபாதியைத் தொடாதீர்கள். மண் நீக்கிய பாதி புதுக் கலவையில் வேர்விடும் வரை தொடாத பாதி மரத்துக்கு நீர் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த மறுபாதியின் முறை ஓரிரு ஆண்டுகள் கழித்து, மரம் வலுவாக வளர்கிறது என்று உறுதியான பிறகே வரும். வேலை நடக்கும் நேரம் முழுவதும் வேர்கள் காயக் கூடாது. பக்கத்தில் நீர்த்தெளிப்பானை வைத்துக்கொண்டு அடிக்கடி தெளிக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் அழகிய போன்சாய்த் தொட்டி வேண்டாம். வேர்க்கட்டைவிடச் சற்றே பெரிதான மரப்பெட்டியோ துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் கூடையோ போதும். கூடையில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. துளைக்கு வரும் வேர்முனை காற்றுப் பட்டு நின்றுவிடும், அதற்குப் பின்னால் புதிய சல்லிவேர்கள் கிளைக்கும், வேர் சுற்றிக்கொள்ளாது. அடியில் ஓர் அடுக்குக் கலவை இட்டு மரத்தை வைத்து, வடிகால் துளை வழியாக முன்னரே கோத்த கம்பியால் வேர்க்கட்டைத் தொட்டியோடு இறுக்கிக் கட்டுங்கள். காற்றில் மரம் அசைந்தால் புதிதாகத் தோன்றும் வேர்முனைகள் ஒடிந்துவிடும் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது. மேலே கலவையை நிரப்பி, குச்சியால் மெல்லக் குத்தி வேர்களுக்கு இடையே வெற்றிடம் இல்லாமல் செய்து, அடித்துளையில் தெளிந்த நீர் வரும் வரை ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாரங்கள் பலத்த காற்றும் கடும் நண்பகல் வெயிலும் படாத இடத்தில் வைத்திருந்து, பிறகு முழு வெயிலுக்கு மாற்றலாம். உரம் ஒரு மாதத்துக்குப் பின்பே.

அந்த ஆண்டின் வளர்ச்சிப் பருவம் முடியும் வரை மரத்தை வளரவிடுவது மட்டுமே வேலை. குருத்தைக் கிள்ள வேண்டாம், வெட்ட வேண்டாம். இளவேனில் முடிவிலிருந்து இலையுதிர் காலம் வரை மெதுவாகக் கரையும் இயற்கை உரக் கட்டிகளை மண்மேல் வைத்துவரலாம். இலையுதிர் காலத்தில் உட்புறத்தில் உள்ள இரண்டு மூன்று வயதான ஊசியிலைகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. நுனியில் உள்ள புதிய ஊசியிலை மஞ்சளானால்தான் கவலைப்பட வேண்டும்.

முதல் கவாத்து

வேர்வேலைக்குப் பின் வந்த குருத்துகள் நன்றாக நீண்டு, ஊசியிலைகள் முழு நீளத்துக்கு வளர்ந்து, மொட்டுகள் பருத்திருந்தால் மரம் தேறிவிட்டது. அப்போது அந்த இலையுதிர் காலப் பிற்பகுதியிலோ குளிர்காலத்திலோ கவாத்தைத் தொடங்கலாம். அந்நாட்களில் பிசின் ஒழுகுவதும் குறைவு. வளர்ச்சி மந்தமாகத் தெரிந்தால் இன்னோர் ஆண்டு பொறுத்திருப்பதே முறை.

பைன் ஒரே கணுவில் சுற்றிலும் நான்கைந்து கிளைகளை விடும் இயல்புடையது. அவற்றை அப்படியே விட்டால் அந்த இடத்தில் தண்டு புடைத்து, மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிடப் பருத்துவிடும். அந்தப் புடைப்பைப் பின்னர் நீக்க முடியாது. ஆகவே முதல் வேலை ஒவ்வொரு கணுவிலும் கிளைகளை ஒன்று அல்லது இரண்டாகக் குறைப்பது. வளைவின் வெளிப்புறத்திலிருந்து புறப்படும் கிளையை வைத்துக்கொண்டு உட்புறக் கிளையை நீக்குவது பொதுவான வழக்கம். தண்டிலிருந்து நேராக முன்னோக்கி நீளும் தடித்த கிளையையும் மரத்தின் கீழ்ப்பாதியில் நீக்கலாம்.

உச்சியைக் குறைக்கும்போது, வருங்கால உச்சியாக அமையக்கூடிய ஒரு சிறுகிளைக்கு மேலே வெட்ட வேண்டும். அந்தச் சிறுகிளையில் பச்சை ஊசியிலை இருந்தே ஆக வேண்டும். தடித்த தண்டை அந்தச் சிறுகிளையோடு ஒட்டி வெட்டாமல் இரண்டு மூன்று செ.மீ. கட்டையாக விட்டுவைப்பது நல்லது. அடுத்த ஆண்டு அதைக் குழிவெட்டுக் கத்தரியால் செதுக்கிவிடலாம். அல்லது பட்டையை உரித்து, நார்நாராகப் பிய்த்து, ஜின் எனப்படும் பட்டமரக் கொம்பாக மாற்றிக்கொள்ளலாம். மலைமுகட்டுப் பைன்களில் மின்னலும் பனியும் உண்டாக்கும் அத்தகைய கொம்புகள் இந்த மரத்துக்கு இயல்பாகப் பொருந்துபவை.

ஒரே முறையில் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வேண்டாத கிளைகள் அதற்குப் பின்னும் எஞ்சியிருந்தால் அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போடுங்கள். தண்டு இன்னும் பருக்க வேண்டும் என்று கருதினால், மரத்தின் பின்புறமாகத் தாழ்வில் உள்ள ஒரு கிளையை வெட்டாமல் நீள வளரவிடலாம். இலைகள் மிகுந்த அந்தக் கிளை தனக்குக் கீழே உள்ள தண்டைப் பருக்க வைக்கும். வேண்டிய பருமன் வந்ததும் வெட்டிவிடலாம்.

கம்பி கட்டுதல்

கவாத்து முடிந்த மரத்துக்கு அதே குளிர்காலத்தில் கம்பி கட்டலாம். பைன் கிளைகள் இளமையில் நன்றாக வளைந்து கொடுப்பவை. பழகாதவர்களுக்கு அலுமினியக் கம்பி எளிது. பதப்படுத்திய செப்புக்கம்பி வளைக்கும்போதே இறுகிவிடுவதால் மெல்லிய கம்பியே பெரிய கிளையையும் தாங்கும், ஆனால் கை பழகியிருக்க வேண்டும். கம்பியின் பருமன் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதுமானது.

அருகருகே உள்ள இரண்டு கிளைகளை ஒரே கம்பியால் கட்டுவது நல்ல முறை. கம்பியின் நடுப்பகுதியைத் தண்டில் குறைந்தது ஒரு சுற்றாவது சுற்றி நிலைப்படுத்தி, ஒரு முனையை ஒரு கிளையிலும் மறுமுனையை இன்னொன்றிலும் 45 பாகைச் சாய்வில் சீரான இடைவெளியோடு கொண்டுசெல்ல வேண்டும். பட்டையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், நெரிக்கக் கூடாது. ஊசியிலைகளைக் கம்பிக்கு அடியில் சிக்கவிடாதீர்கள். வளைக்கும்போது இரண்டு கைகளாலும் பிடித்து, வளைவின் உட்புறத்தில் கட்டைவிரல்களை ஊன்றி, மெதுவாக அழுத்துங்கள். வளைவின் வெளிப்புறத்தில் கம்பி ஒரு சுற்றாவது பதிந்திருக்க வேண்டும், ஏனெனில் பட்டை பிளப்பது அங்கேதான். மெல்லிய நெறுநெறுப்பு கேட்டால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். மீதியைச் சில வாரங்கள் கழித்து வளைக்கலாம்.

கிளைகளைக் கிடையாகவோ சற்றுத் தாழ்வாகவோ இறக்குவது முதிர்ந்த பைனின் தோற்றத்தைத் தரும். சிறுகிளைகளின் நுனிகளை மட்டும் மேல்நோக்கித் திருப்பிவிட வேண்டும். கீழ்நோக்கிய நுனி வலுவிழக்கும். கம்பி ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை இருக்கலாம் என்றாலும் காலக்கணக்கை நம்பாமல் கிளையைப் பாருங்கள். கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் பைன் கிளைகள் திடீரென்று பருக்கும். கம்பி பட்டையில் பதியத் தொடங்கியதும் கம்பிவெட்டியால் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும், சுழற்றிக் கழற்றக் கூடாது.

குருத்தும் ஊசியிலையும்

பைனில் வலிமை உச்சியிலும் கிளை நுனிகளிலும் குவியும். உட்புறமும் கீழ்க்கிளைகளும் மெல்ல நலியும். குருத்தையும் ஊசியிலையையும் கையாள்வதெல்லாம் இந்த வலிமையைச் சமன்செய்வதற்காகவே. இலையுதிர் காலத்தில் பழைய ஊசியிலைகளை இடுக்கியால் வளர்ச்சித் திசையிலேயே இழுத்து எடுப்பது அதற்கான எளிய வழி. உச்சியில் ஒவ்வொரு சிறுகிளையிலும் ஐந்தாறு இணைகளை மட்டும் விட்டு, கீழ்க்கிளைகளில் பத்துப் பன்னிரண்டு இணைகளை விட்டால், மேலே வலிமை குறையும், உள்ளே ஒளி புகும், கீழே புதிய மொட்டுகள் தோன்றும். நலிந்த கிளையில் எதையும் எடுக்க வேண்டாம்.

கோடைத் தொடக்கத்தில் புதிய குருத்துகளை முழுவதுமாக வெட்டிவிட்டு இரண்டாம் குருத்தை வரவழைக்கும் முறையைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். இரண்டாவதாக வரும் குருத்துக்கு வளரும் காலம் குறைவு என்பதால் ஊசியிலை குட்டையாக அமையும், ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று குருத்துகள் கிளைக்கும். ஆனால் இது கரும்பைனுக்கும் செம்பைனுக்கும் மட்டுமே உரியது. அவற்றிலும் வடிவம் அமைந்து, நன்றாக உரமிட்டு, வலுவாக உள்ள மரத்துக்கே ஏற்றது. குளிர் தொடங்குவதற்கு ஏறத்தாழ நூறு நாட்களுக்கு முன் செய்வது வழக்கம். நர்சரியிலிருந்து வந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகாத மரத்துக்கு இது தேவையே இல்லை. ஸ்காட்ஸ், முகோ, வெள்ளைப் பைன்களில் குருத்தை முழுவதும் வெட்டினால் அந்த ஆண்டின் வளர்ச்சியே போய்விடும். அவற்றில் மிக நீளும் குருத்தை மட்டும், ஊசியிலை விரியும் முன், பாதியளவு விரலால் கிள்ளிவிட்டு நலிந்தவற்றை அப்படியே விட வேண்டும். கத்தரியால் வெட்டினால் ஊசியிலைகளின் நுனியும் வெட்டுண்டு பழுப்பாகும்.

பூச்சிகளில் சிலந்திப் பேனே கவனத்துக்குத் தப்புவது. ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கடியில் பிடித்துத் தட்டினால், நகரும் புள்ளிகளாக அது தெரிந்துவிடும். தொடக்க நிலையில் நீரை வேகமாகப் பீய்ச்சியடித்தாலே பெருமளவு குறையும்.

இரண்டாம் வேர்வேலையும் போன்சாய்த் தொட்டியும்

முதல் வேர்வேலைக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வரும் இளவேனிலில், அப்போது தொடாமல் விட்ட பாதியைத் திறக்க வேண்டும். முறை அதே. இந்த முறை முதல் பாதியில் புதுவேர்கள் அடர்ந்திருப்பதைக் காண முடியும். அவற்றைக் கலைக்க வேண்டாம். பழைய நர்சரி மண் தண்டுக்கு நேர் கீழே இன்னும் சிறிது எஞ்சியிருக்கும், அதையும் இப்போது எடுத்துவிடலாம். அந்த ஆண்டு கவாத்தும் கம்பியும் இல்லை.

மரம் மீண்டும் ஒரு முழுப் பருவம் வலுவாக வளர்ந்த பிறகே போன்சாய்த் தொட்டிக்கு மாற்றுவது பொருத்தம். தொட்டியின் ஆழம் அடித்தண்டின் விட்டத்துக்குக் குறையாமலும், நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவிலும் இருப்பது கண்ணுக்கு ஒத்துப்போகும். பைனுக்கு மெருகிடாத பழுப்பு, சாம்பல் நிறத் தொட்டிகளே வழக்கம். கூடுமானவரை சற்று ஆழமானதைத் தேர்ந்தெடுங்கள், ஆழம் கூடினால் நீர் வடிவதும் எளிது. நடும்போது மரத்தை நடுமையத்தில் வைக்காமல், முதன்மைக் கிளை நீளும் பக்கத்தில் கூடுதல் இடம் இருக்கும்படி சற்று விலக்கி வைத்து, பின்விளிம்புக்கு ஒரு விரல்கடை நெருக்கமாகக் கம்பியால் கட்டுங்கள். நெபாரியின் மேற்புறம் கலவைக்கு மேலே தெரிய வேண்டும்.

இதற்குப் பிறகு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மண் மாற்றினால் போதும். ஊற்றிய நீர் உடனே இறங்காமல் மேற்பரப்பில் தேங்கி நிற்கத் தொடங்கினாலோ, வேர்கள் வளர்ந்து மரத்தையே தொட்டி விளிம்புக்கு மேலே தூக்கினாலோ, அடுத்த இளவேனிலுக்குக் கலவையைச் சலித்து ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.